சாயத் தண்ணீரில் படகு பழகியது

கடற்கரையில் பிறந்தவள் என்பதால் எனக்குப் படகு ஓட்டத் தெரியும் என்று திருப்பூரில் நான் வேலை பார்த்த இடத்தில் எல்லோரும் நம்பினார்கள். தெரியாது என்று நான் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

என் அப்பா தூத்துக்குடிக்குத் தெற்கே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. கரைக்கு வந்த மீனை ஏலம் எடுக்கலாம், விற்கலாம், உப்புப் போட்டுக் காய வைக்கலாம். கரையில் ஏற்றிப் போட்ட வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தால்கூட யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள். எனக்கு நீச்சலும் தெரியாது. விடுதியில் தங்கி கெமிஸ்ட்ரி படித்தேன். படிப்பு முடிந்ததும், அக்காவும் மாமாவும் பனியன் கம்பெனியில் இருந்ததால் நானும் திருப்பூருக்கு வந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை.

வேலை கிடைத்தது ஒரு தனியார் லேபில். பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் மூன்று அறைகள். சாயப்பட்டறைகளிலிருந்து கேன்களில் தண்ணீர் வரும். அதில் உப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. காலையில் வரிசையாக வந்து நிற்கும் கேன்களின் நிறத்தைப் பார்த்தே அந்த வாரம் எந்த நிறத்துக்கு ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதங்களில் எல்லாக் கேன்களும் சிவப்பாக இருக்கும்.

லேப் நடத்தியவர் உள்ளூர்க்காரர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். நொய்யலின் குறுக்கே, ஊருக்குக் கிழக்கே இருந்த ஓர் அணையின் தண்ணீரை மாதாமாதம் சோதித்துத் தரும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. பட்டறைகளிலிருந்து ஆற்றில் விழுந்த தண்ணீர் கடைசியில் அங்கேதான் போய் நின்றது. கரையோரத்தில் எடுத்தால் கணக்கில் வராது, நடுவிலும் ஆழத்திலும் எடுக்க வேண்டும். அதற்காக ஒரு சின்ன ஃபைபர் படகும், அதன் பின்பக்கம் மாட்டுகிற பழைய இஞ்சின் ஒன்றும் வாங்கியிருந்தார்கள். ஓட்டுவதற்கு மேட்டூரிலிருந்து ஓர் ஆள் வந்துகொண்டிருந்தார். நான் சேர்ந்த சில மாதங்களில், அந்தத் தண்ணீரின் நாற்றம் தனக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லி அவர் நின்றுவிட்டார்.

அன்று மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, நீங்க கடக்கரை ஊருங்களே. அந்தப் படகக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

"எனக்கு ஓட்டத் தெரியாது சார்."

"அட, அப்பா தொழிலே அதுதானுங்களே. வண்டிக்காரரு கூட வருவாரு. சாம்பிள அவரு எடுத்துக்குவாரு. நீங்க ஓட்டுனாப் போதுமுங்க."

"நான் ஏறினதே இல்ல சார்."

அவர் சிரித்தார். "கத்துக்கிட்டாப் போச்சுங்க" என்றார். அவர் அளவில் பேச்சு அத்துடன் முடிந்தது. நானும் மறுத்துக்கொண்டே நிற்கவில்லை. லேபில் பெண்கள் மேஜையை விட்டு வெளியே போகும் வேலை வேறு எதுவும் இருக்கவில்லை என்பது ஒரு காரணம்.

வண்டிக்காரர் என்று அவர் சொன்னது லேபின் ஆம்னி வேனை ஓட்டியவரை. நாற்பது வயதைத் தாண்டியவர். அணைக்குப் பக்கத்து ஊர்க்காரர். உழுது விதைக்கக் கொஞ்சம் காடு இருந்தும், கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன பிறகு சம்பளத்துக்கு வந்திருந்தார். அவரைப் போலப் பருமனான ஆள் படகில் ஏறினால் படகு ஒரு பக்கம் இறங்கும் என்பது எனக்கு முதல் நாள்தான் தெரிந்தது. அவருக்கும் அன்றுதான் தெரிந்தது.

அணையில் தண்ணீர் தேயிலை வடித்த நிறத்தில் இருந்தது. ஆறு வந்து சேரும் மேற்குப் பக்கத்தில் வெள்ளை நுரை பாய் விரித்தாற்போலக் கிடந்தது. கரைச் சேற்றில் கால் வைத்ததும் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. மேட்டூர்க்காரர் போவதற்கு முன் இஞ்சினை எப்படிக் கிளப்புவது என்று மட்டும் காட்டியிருந்தார். கயிற்றைப் பலமுறை இழுத்த பிறகு அது கிளம்பியது. வண்டிக்காரர் முன்னால், லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இறுகக் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் படகின் இரு பக்கத்தையும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்த இஞ்சினில் ஒரு கைப்பிடி உண்டு. அதை முறுக்கினால் வேகம், அசைத்தால் திருப்பம். எனக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் திரும்பும். அது சைக்கிள் இல்லை. நான் வலது பக்கம் போக நினைத்து வலது பக்கம் தள்ளினேன். படகு இடது பக்கம் போனது. இன்னும் அழுத்தித் தள்ளினேன். அது இன்னும் இடது பக்கம் போய், தண்ணீரில் பாதி மூழ்கிச் செத்து நின்ற சீமைக்கருவேல மரங்களுக்குள் புகுந்தது. முட்கள் வண்டிக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டன. இஞ்சின் நின்றுவிட்டது.

வண்டிக்காரர் முட்களிலிருந்து சட்டையை விடுவித்துக்கொண்டார்.

"ஏனுங்க மேடம்," என்றார் அவர் திரும்பாமலே, "உங்கூர்ல இப்படித்தானுங்க ஓட்டுவாங்க?"

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னேனே அண்ணே."

"நெசமாவே தெரியாதுங்களா?"

"நெசமாவே தெரியாது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "செரிங்க" என்றார். பிறகு கிளைகளைக் கையால் தள்ளித் தள்ளிப் படகை வெளியே எடுத்தார். துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். தெறித்த தண்ணீர் பட்ட இடமெல்லாம் சாயங்காலம் வரை அரித்தது. அந்த மாதத்துக்குக் கரையிலிருந்து கயிறு வீசி எடுத்த தண்ணீரைத்தான் சோதித்தோம். முதலாளியிடம் இஞ்சின் தகராறு என்று வண்டிக்காரரே சொல்லிக்கொண்டார்.

அன்றிரவு அக்காவின் செல்போனிலிருந்து அப்பாவிடம் பேசினேன். எப்படித் திருப்புவது, கரைக்கு வரும்போது எங்கே வேகத்தைக் குறைப்பது என்று கேட்டேன். அவருக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை.

"நீ எதுக்குட்டி வள்ளத்துல ஏறுன?"

"வேலைப்பா. தண்ணி எடுக்கணும்."

"அங்க ஆம்பளயாளே இல்லயா?"

"இருக்காங்க. அவங்களுக்கும் தெரியாது."

"அதெல்லாம் எப்பிடிச் சொல்லுறது? கை அது பாட்டுக்குச் செய்யும்" என்றார். இன்னும் எதையோ சொல்ல முயன்றார். அலை எந்தப் பக்கமிருந்து வருது, என்ன காத்து என்று கேட்டார். அணையில் அலை இல்லை என்றேன். "அப்ப எனக்குத் தெரியல" என்று போனை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா மாதாவை வேண்டிக்கொள்ளச் சொன்னாள்.

அப்பாவுக்குச் சொல்ல மனமில்லை என்று அப்போது நினைத்தேன். முப்பது வருடமாகச் செய்வதைச் சொற்களில் எடுத்துவைக்க அவரால் ஆகவில்லை என்பது எனக்கும் கை பழகிய பிறகுதான் விளங்கியது. யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் முழித்திருப்பேன்.

சாம்பிள் எடுக்கும் நாளைத் தவிர இன்னும் சில நாட்கள் படகைப் பழக வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். இஞ்சின் பழசு, ஓடாமல் கிடந்தால் பிடித்துக்கொள்ளும் என்று காரணம் சொன்னேன். அதுவும் உண்மைதான். அவர் பெட்ரோலுக்கு ஒத்துக்கொண்டார். வண்டிக்காரர் கரையில் உட்கார்ந்து பீடி குடிக்கலாம், படகில் வர வேண்டியதில்லை என்று சொன்னேன்.

"தனியாவா போறீங்க? முழுகிட்டீங்கன்னா நானு என்ன பதில் சொல்றதுங்க?" என்று கேட்டுவிட்டு ஏறிக்கொண்டார். அவருக்கும் நீச்சல் தெரியாது. இரண்டு பேரும் முழுகியிருந்தால் பதில் சொல்ல யாருமே இருந்திருக்க மாட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை.

பழகுவதற்கு நான் தேர்ந்தெடுத்தது நுரை கிடக்கும் மேற்குப் பக்கம். அங்கே ஆட்கள் வருவதில்லை. யாரும் பார்க்கக் கூடாது என்பதுதான் எண்ணம். ஆனால் அங்கே வேறொரு வசதி இருந்தது. படகு போன வழி நுரையில் அப்படியே விழுந்து கிடக்கும். கருப்பாக, கத்தியால் கீறினது போல. நல்ல தண்ணீரில் தடம் உடனே அழிந்துவிடும், இங்கே மறுபடி மூட நேரமாகும். நான் நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தேன். தடம் பாம்பு ஊர்ந்தது போல வளைந்து வளைந்து கிடந்தது.

"நேராத்தானுங்க வந்தோம்?" என்றார் வண்டிக்காரர். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

அந்தத் தடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் என் தவறு எனக்குப் புரிந்தது. நான் படகின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம் விலகினதும் கையைத் தள்ளுவேன். படகு உடனே கேட்காது. கேட்கவில்லை என்று இன்னும் தள்ளுவேன். இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் கேட்கும்போது அது மறுபக்கம் போய்விடும். அதைச் சரிசெய்ய இந்தப் பக்கம். போன வழியெல்லாம் நான் படகுடன் சண்டை போட்டிருந்தது அந்த நுரையில் எழுதி வைத்தது போலத் தெரிந்தது.

பிறகு மூக்கைப் பார்ப்பதை விட்டேன். எதிர்க்கரையில் ஒரு காற்றாலை நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கையை லேசாக அசைத்துவிட்டுப் பொறுத்திருந்தேன். பொறுத்திருப்பதுதான் கடினமாக இருந்தது. திரும்பவே இல்லையே என்று கை இன்னும் தள்ளப் பார்க்கும். அப்போது சும்மா இருக்க வேண்டும். அடுத்தடுத்த தடவைகளில் தடத்தின் வளைவுகள் நீளமாயின, பிறகு குறைந்தன. ஒரு நாள் திரும்பிப் பார்த்தபோது, காற்றாலைக்கு நூல் பிடித்தது போல ஒரு கோடு கிடந்தது. வண்டிக்காரரும் திரும்பிப் பார்த்தார். அன்றுதான் அவர் ஒரு கையைப் படகின் விளிம்பிலிருந்து எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

கரை சேர்வது தனிப் பாடம். வேகத்தைக் குறைத்தால் படகு நிற்காது, வழுக்கிக்கொண்டே வரும். கரையில் கிடந்த பாறையில் பலமுறை முட்டினேன். ஃபைபரில் ஒரு கீறல் விழுந்தது. எவ்வளவு முன்னால் இஞ்சினை அணைக்க வேண்டும் என்பதைப் பாறையே கற்றுக்கொடுத்தது. சாம்பிள் எடுப்பதும் படிப்படியாக ஒழுங்குக்கு வந்தது. நான் படகை ஓரிடத்தில் நிறுத்துவேன். வண்டிக்காரர் எடை கட்டிய பாட்டிலைக் கயிற்றில் இறக்கி, ஒரு சுண்டு சுண்டி மூடியைத் திறந்து, நிரம்பியதும் இழுப்பார். எங்களுக்குள் பேச்சு அதிகம் தேவைப்படவில்லை.

ஆனி பிறந்ததும் காற்று தொடங்கியது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று. கொங்கு நாட்டில் அது மாதக்கணக்கில் நிற்காது. அந்தக் காற்றில்தான் ஒரு நாள் சிலர் வந்தார்கள். ஓர் அதிகாரி, அவருடன் ஒரு உதவியாளர், அணைக்குக் கீழே உள்ள ஊர்களிலிருந்து இரண்டு விவசாயிகள். எங்கள் சாம்பிள் உண்மையில் நடுவில்தான் எடுக்கப்படுகிறதா என்று நேரில் பார்க்க வேண்டும் என்று விவசாயிகள் கேட்டிருந்தார்கள். கேட்டது நியாயம்தான்.

"படகு யாருங்க ஓட்டறது?" என்று கேட்டார் அதிகாரி. வண்டிக்காரர் என்னைக் காட்டினார். அதிகாரி வண்டிக்காரரையே மறுபடி பார்த்தார். பிறகு ஏறிக்கொண்டார்.

போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. அதனால் யாருக்கும் அது தெரியவில்லை. நடுவில் சாம்பிள் எடுத்தோம். பாட்டிலில் வந்த தண்ணீரை விவசாயிகளில் ஒருவர் கையில் வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பியபோதுதான் காற்றின் பலம் தெரிந்தது. நாங்கள் ஏறிய கரை தென்மேற்கே இருந்தது. அதை நோக்கி நேராகப் போனால் காற்று சாய்வாகப் பக்கவாட்டில் அடிக்கும். ஆறு பேரின் பாரத்தில் படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. முதல் அலை உள்ளே தெறித்தது. அந்தத் தண்ணீர் முழங்காலில் பட்டதும் உதவியாளர் துள்ளி எழுந்து மறுபக்கம் போக அடி வைத்தார். படகு சாய்ந்தது.

"உக்காருங்க," என்றேன். "யாரும் எந்திரிக்கக் கூடாது. அப்படியே தரையில உக்காருங்க."

நான் அந்தக் குரலில் யாரிடமும் பேசியதில்லை. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்தார். மற்றவர்களும் பலகையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார்கள், அதிகாரி உட்பட. அவருடைய வெள்ளைப் பேண்ட்டில் படகின் அடியில் தேங்கிய தண்ணீர் ஏறியது.

நான் படகின் மூக்கை மேற்கே, காற்றுக்கு நேராகத் திருப்பினேன். வேகத்தைக் குறைத்தேன். அலை இப்போது முன்னால் வந்து பிளந்தது, உள்ளே விழவில்லை. ஆனால் கரை எங்களுக்கு இடது பக்கம் ஒதுங்கிவிட்டது.

"கரை அங்கதான இருக்குது? எங்க போறீங்க?" என்றார் அதிகாரி.

நான் பதில் சொல்வதற்குள் வண்டிக்காரர் முன்னாலிருந்து சொன்னார். "அவிங்களுக்குத் தெரியுமுங்க. நீங்க கம்முனு இருங்க."

எனக்கு என்ன தெரிந்திருந்தது என்றால், மேற்கே ஒரு மண்மேடு தண்ணீருக்குள் நீண்டிருந்தது. நுரையில் பழகிய நாட்களில் அதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். அதன் மறைவில் காற்று விழாது. அங்கே வரை காற்றுக்கு எதிராக ஏறிவிட்டு, மறைவுக்குள் நுழைந்த பின் கரைக்குத் திரும்பினால் போதும். நேரமாகும், அவ்வளவுதான். மேட்டை அடைந்ததும் காற்று சட்டென்று நின்றது. இஞ்சின் சத்தம் திடீரெனப் பெரிதாகக் கேட்டது. மெதுவாகத் திருப்பி, கரையை ஒட்டி வந்து, பாறைக்கு முன்னால் இஞ்சினை அணைத்தேன். படகு வழுக்கிப் போய்ச் சேற்றில் நின்றது. முட்டவில்லை.

இறங்கும்போது அதிகாரி பேண்ட்டைப் பார்த்துக்கொண்டார். நன்றி என்று சொன்னதாக நினைவு. விவசாயிகளில் மூத்தவர் மட்டும் நின்று, "அம்மிணி, நீ பயப்படலியா?" என்று கேட்டார்.

"பயந்தேங்க" என்றேன். திருப்பூர் வந்த பிறகு அந்த "ங்க" எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அது உண்மையான பதிலா என்று பிறகு யோசித்தேன். பயம் இருந்தது, ஆனால் கைக்கு வரவில்லை. காற்றுக்குத் திருப்பிய நொடியில் கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளினேன் என்று எனக்கு நினைவே இல்லை. பெருமையாகவும் இல்லை. வேனில் உட்கார்ந்ததும் பசித்தது. வழியில் நிறுத்தி இரண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டோம்.

அதற்கு அடுத்த மாதங்களில் அணைக்குப் போவது லேபில் மேஜையைத் துடைப்பது போலச் சாதாரண வேலையாகிவிட்டது. வண்டிக்காரர் லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளைத் தளர்த்திப் போட்டுக்கொண்டார். காற்று அடங்கிய பிறகு, ஐப்பசியில் ஒரு நாள், சாம்பிள் முடிந்து திரும்பும்போது கேட்டார்.

"மேடம், அந்த வடக்குப் பக்கமாக் கொஞ்சம் போலாமுங்களா?"

"அங்க என்ன அண்ணே?"

"சும்மாதானுங்க."

அந்தப் பக்கம் நாங்கள் போனதில்லை. மூழ்கிய மரங்கள் அதிகம். முன்பு என்றால் முடியாது என்று சொல்லியிருப்பேன். வேகத்தைக் குறைத்து, மரங்களுக்கு நடுவே வழி பார்த்து உள்ளே கொண்டுபோனேன். அவர் கரையிலிருந்த இரண்டு பனைகளையும் தூரத்துக் கரட்டுக் குன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையால் காட்டினார்.

"இங்க நிறுத்துங்க" என்றார்.

இஞ்சினை அணைத்தேன். படகு அசையாமல் நின்றது.

"இதுக்குக் கீழதானுங்க எங்க அப்புச்சி காடு," என்றார். அம்மாவின் அப்பாவுடைய நிலம். "டேம் கட்டறப்ப எடுத்துக்கிட்டாங்க. கடைசி வருசம் கடலக்கா போட்டிருந்தோம். நாந்தானுங்க ஓட்டுனது ஏரு. இருவத்தஞ்சு வயசு இருக்கும். தண்ணி வந்தா ஊரே செழிச்சிருமுன்னாங்க. எங்க அப்புச்சியும் மனசாரத்தான் குடுத்தாரு."

அவ்வளவு நேரம் அவர் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. கறுத்த தண்ணீரைப் பார்த்தேன். கீழே எதுவும் தெரியவில்லை.

"ஒரு பாட்டில் இங்க எடுத்துக்கட்டுங்களா?" என்றார்.

அது எங்கள் வரைபடத்தில் இல்லாத இடம். எடுங்க என்றேன். அவர் கயிற்றை இறக்கினார். எடை தரையைத் தொட்டதும் கயிறு தளர்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சுண்டினார், இழுத்தார், மூடியைத் திருகினார், மற்ற பாட்டில்களுடன் பெட்டியில் வைத்தார்.

மறுநாள் அதையும் சோதித்தேன். மாலையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய், நடுவில் இருக்கும் அதே உப்பு அளவுதான் அங்கேயும் என்று சொன்னேன். "செரிங்க" என்றார். வாளியில் மீதியிருந்த தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினார்.

அதற்குப் பிறகு, நிலமும் கிணறுகளும் கெடுகின்றன என்று அணையில் தண்ணீர் தேக்குவதை நிறுத்தினார்கள். இருந்ததையும் திறந்துவிட்டார்கள். படகைப் பவானிப் பக்கமிருந்து ஒருவர் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். ஏற்றுவதற்கு வசதியாக அதை மதகுப் பக்கக் கரைக்குக் கொண்டுவந்து விட்டது நான்தான். வாங்க வந்தவர் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார். கீறலைப் பற்றிக் கேட்டார், பாறை என்றேன். சில வருடங்களில் நான் ஈரோட்டில் வேறொரு லேபுக்கு மாறினேன். அங்கே தண்ணீரெல்லாம் கேனில்தான் வந்தது.